திரையில் ஒரு கறி, அடுப்பில் ஒரு கறி

பிற நாட்டு மக்களை அவர்தம் மொழியின் வாயிலாக அறிவோர் சிலர். நூல்களின் வாயிலாக அறிவோர் இன்னுஞ் சிலர். உணவின் வாயிலாக அறிவோரோ மிகப் பலர். முன்னாளில் இவ்வறிவு கப்பலேறிச் சென்று மீண்டவர்களின் வாய்மொழியாக வந்தது. இந்நாளில் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அதனை நம் வீட்டுக் கூடத்திற்கே கொணர்ந்து விடுகின்றன. சமையற் போட்டி, உணவுப் பயணம், இரண்டு நிமிடச் செய்முறைப் படம் என்று அது வரும் வடிவங்கள் பல. குடும்பத்தோடு இருந்து இவற்றைப் பார்க்கின்றோம், பிள்ளைகளும் பார்க்கின்றனர். பார்ப்பதில் இழுக்கேதும் இல்லை. ஆனால் திரையிற் காட்டப்படுவது அம்மக்கள் உண்மையில் உண்ணும் உணவுதானா, அதற்குத் தீர்ப்புச் சொல்பவர் அதனை அறிந்தவர்தாமா என்று நாம் கேட்டுப் பார்ப்பது அரிது. இந்தோனேசியாவின் 'ரெண்டாங்' என்னும் இறைச்சிக் கறிக்கு அண்மையில் நேர்ந்தவை, இக்கேள்வியைக் கேட்க நம்மைத் தூண்டுகின்றன.

தோல் மொறுமொறுக்கவில்லையாம்!

2018 ஆம் ஆண்டு பிரித்தானியத் தொலைக்காட்சியின் 'மாஸ்டர்செஃப்' சமையற் போட்டியில், மலேசியாவிற் பிறந்த பெண்மணி ஒருவர் 'நாசி லெமாக்' எனப்படும் தேங்காய்ப்பாற் சோற்றையும் கோழி ரெண்டாங்கையும் சமைத்து நடுவர்கள் முன் வைத்தார். கோழித் தோல் மொறுமொறுப்பாக இல்லை, ஆகவே அதனை உண்ண முடியாது என்று நடுவர் ஒருவர் குறை கூறினார். அப்பெண்மணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புரூணை ஆகிய நாடுகளில் பெருஞ் சிரிப்பும் அதனிலும் பெரிய சினமும் எழுந்தன. குழம்பிலே நெடுநேரம் வெந்து குழைய வேண்டிய கோழியின் தோல் எங்ஙனம் மொறுமொறுக்கும் என்று மக்கள் வினவினர். அன்றைய மலேசியப் பிரதமரும் இக்கேள்வியைச் சமூக வலைத்தளத்தில் எழுப்பினார். இவ்வமளியின் நடுவே மற்றொரு நடுவர், ரெண்டாங் ஒருவேளை இந்தோனேசியாவினுடையதாக இருக்கலாம் என்று எழுதி, 'நமஸ்தே' என்ற வட இந்திய வணக்கத்தோடு முடித்தார். ரெண்டாங் எவருடையது என்று வழக்கமாகத் தம்முள் வாதிடும் அண்டை நாட்டார், அந்த ஒரு சொல்லினால் ஒன்றுபட்டு நின்றனர்.

கோழி சரியாக வேகவில்லை என்பதே தாம் கூற வந்தது, பொரித்திருக்க வேண்டும் என்பதன்று, என்று முதல் நடுவர் பின்னர் விளக்கினார். அவ்வாறே இருக்கலாம். ஆயினும் சொல் சொல்லப்பட்டு விட்டது. பொரித்த கோழிக்கு உரிய அளவுகோலைக் கொண்டு ரெண்டாங்கை அளந்ததாகவே கேட்டவர் அனைவரும் கொண்டனர். நம் பிட்டை உண்ட ஒருவர், 'இது பணியாரம் போல் ஒட்டி நிற்கவில்லை, உதிர்ந்து போகின்றது, ஆகவே தோல்வி' என்று தீர்ப்பளித்தால் நாம் எவ்வாறு உணர்வோமோ, அவ்வாறே அவர்களும் உணர்ந்தனர் எனலாம்.

ரெண்டாங் என்பது யாது?

ரெண்டாங்கின் தாயகம் மேற்குச் சுமாத்திரா. ஆங்கு வாழும் மினாங்கபாவு மக்களின் உணவு அது. அவர்கள் இஸ்லாமியர், அதே வேளையில் குடிவழியையும் குலச்சொத்தையும் தாய்வழியாகக் கொள்பவர்கள். 'மாரண்டாங்' என்பது அவர்கள் மொழியில், ஈரம் வற்றும்வரை மெல்லிய தீயில் நெடுநேரம் கிளறிச் சமைப்பதைக் குறிக்கும் சொல். எனவே ரெண்டாங் என்பது செய்முறையினால் ஏற்பட்ட பெயர். யாழ்ப்பாணத்து அடுக்களையில் 'பிரட்டல்' என்ற பெயர் கறிக்கு வந்ததும் இவ்வாறே அன்றோ?

சின்ன வெங்காயம், உள்ளி, இஞ்சி, பேரரத்தை, பழமிளகாய் ஆகியவற்றை அரைத்து, எலுமிச்சம்புல்லும் மஞ்சளிலையும் கூட்டி, நிறைந்த தேங்காய்ப்பாலில் இறைச்சியை இட்டு அடுப்பேற்றுவர். முதலில் அது குழம்பாக நிற்கும். அந்நிலையில் அதன் பெயர் 'குலாய்'. பால் வற்றித் தடித்து மண்ணிறமாகும்போது 'கலியோ' எனப்படும். அதன் பின்னும் தீயைத் தணித்து, தாச்சியின் அடி பிடியாமற் கிளறிக்கொண்டே இருத்தல் வேண்டும். பாலின் நீர் முற்றும் வற்ற, நாம் உருக்கெண்ணெய் எடுக்கும்போது நிகழ்வது போல எண்ணெய் தனியே பிரியும். அவ்வெண்ணெயிலேயே இறைச்சி மெல்ல வதங்கிக் கருநிறம் கொள்ளும். இதற்குப் பல மணித்தியாலம் செல்லும். அந்நிலையை அடைந்த கறியே ரெண்டாங். பிற நாட்டு உணவுச்சாலைகளில் இப்பெயரோடு பரிமாறப்படுவதிற் பெரும்பகுதி, மினாங்கபாவுத் தாய் ஒருத்தியின் கண்ணுக்குக் கலியோவாகவே தோன்றும்.

இவ்வளவு நேரம் ஏன் வேண்டும்? ஈரம் அகன்றும் எண்ணெயும் சரக்குகளும் ஊறியும் நிற்பதால் ரெண்டாங் வாரக்கணக்கிற் கெடாது. மினாங்கபாவு இளைஞர் வாலிபப் பருவத்தில் ஊரை விட்டுச் சென்று பொருளும் அறிவும் ஈட்டி வருவது பழைய வழக்கம். அதனை 'மெராந்தாவ்' என்பர். குளிர்ப்பெட்டி இல்லாத நாளில், அந்நெடும் பயணத்தில் மகனுடன் கெடாமற் செல்லக்கூடிய தாயின் உணவு இதுவே. 2018 ஆம் ஆண்டு சுலவேசித் தீவின் பாலு நகரை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அழித்தபோது, மேற்குச் சுமாத்திரா மக்கள் ரெண்டாங் சமைத்து அனுப்பினர். அடுப்பும் கூரையும் இழந்தவர்க்கு அனுப்பத் தக்க உணவு அது. ஆழிப்பேரலையின் கொடுமையை அறிந்த நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அம்மக்கள் இக்கறியிலே தம் சமுதாயத்தையும் காண்கின்றனர். இறைச்சி குலத் தலைவரையும், தேங்காய்ப்பால் கற்றறிந்தோரையும், மிளகாய் சமயப் பெரியோரையும், ஏனைய சரக்குகள் ஊர் மக்கள் யாவரையும் குறிக்கும் என்பர். திருமணத்திலும் பெருநாளிலும் ரெண்டாங் இல்லாத பந்தி இல்லை.

ஒன்று கூறினால் வாசகர்கள் நகைப்பர். மொறுமொறுப்பான ரெண்டாங்கும் உண்மையில் உண்டு! பாயகும்பு என்னும் ஊரில் முட்டையையும் மாவையும் கலந்து மெல்லிய தகடாக்கிப் பொரித்து, துண்டுகளாக்கி, ரெண்டாங் சரக்கிற் பிரட்டி விற்கின்றனர். மட்டி ரெண்டாங், விலாங்கு ரெண்டாங், இலைகள் இட்ட ரெண்டாங் என்று ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. ஆகவே 'ரெண்டாங் இப்படித்தான்' என்று சொல்ல முற்படுவோர் இருமுறை சிந்தித்தல் நன்று.

பழைய திரையும் புதிய திரையும்

இந்தோனேசிய உணவைப் பிறர் தம் விருப்பப்படி காட்டுவது தொலைக்காட்சியோடு தொடங்கியதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் 'ரைஸ்ட்டாஃபெல்', அதாவது 'சோற்று மேசை' என்ற விருந்து முறை உருவாயிற்று. பெருந் தோட்டத் துரைமார் வீடுகளிலும், பத்தேவியா நகரின் பெரிய விடுதிகளிலும், பணியாட்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு பதார்த்தத்தை ஏந்தி நிற்பர். யாவாவின் கறியும் சுமாத்திராவின் கறியும் பாலித்தீவின் பொரியலும் ஒரே மேசையிற் கூடும். இந்தோனேசியக் குடும்பம் எதுவும் நாள்தோறும் இவ்வாறு உண்டதில்லை. எனினும் ஐரோப்பியர் பலர் நெடுங்காலம் இதனையே இந்தோனேசிய உணவு என்று எண்ணினர். உணவு உண்மையானது, அதனை அடுக்கிய முறை ஆள்வோருடையது.

இக்காலத் திரை செய்வது இதற்கு நேர்மாறு. அன்று பலவற்றை ஒரு மேசையிற் குவித்தனர். இன்று ஒன்றைக் காட்டி மற்றவற்றை மறைக்கின்றனர். 'சாத்தே' என்றதும் கச்சான் குழம்பில் தோய்த்த இறைச்சிக் குச்சியே படத்தில் வருகின்றது. பாடாங் நகரின் சாத்தேக்குக் கச்சான் இல்லை. அரிசிமாவினால் தடித்த மஞ்சட் குழம்பு அதற்கு உரியது. பாலித்தீவிலோ அரைத்த மீனைத் தேங்காயோடு பிசைந்து எலுமிச்சம்புல் தண்டிற் சுற்றிச் சுடுவர். மேற்கு யாவாவின் 'மாரங்கி' சாத்தேயும் கச்சான் குழம்பின்றியே வரும். 17,000 இற்கு மேற்பட்ட தீவுகளையும், 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 27 கோடி மக்களையும் கொண்ட நாட்டை ஒரு தட்டில் அடக்க முடியுமா?

அந்நாட்டாரே இச்சிக்கலை உணர்ந்திருந்தனர். சனாதிபதி சுகர்ணோவின் விருப்பத்தினால் நாடெங்கும் திரட்டப்பட்டு, 1967 ஆம் ஆண்டு வெளிவந்த 'முஸ்திகா ராசா' என்னும் பெருநூல் 1,600 இற்கு மேற்பட்ட செய்முறைகளைக் கொண்டது. அதே ஆண்டில் சுகர்ணோ ஆட்சியை இழந்தார். நூலும் நெடுநாள் மறக்கப்பட்டுக் கிடந்தது. பின்னர் 2018 ஆம் ஆண்டு அந்நாட்டுச் சுற்றுலா அமைச்சு சோத்தோ, ரெண்டாங், சாத்தே, நாசி கோரெங், காடோ காடோ என்ற ஐந்தைத் தேசிய உணவுகளாக அறிவித்தது. ஆயிரத்து அறுநூறு எங்கே, ஐந்து எங்கே? உலகத்தார் நினைவில் நிற்க வேண்டுமாயின் சிலவற்றைத் தெரிந்தெடுக்கத்தான் வேண்டும். அவ்வாறு தெரிந்தெடுக்கும்போது விடுபட்டவை மெல்ல மறையவுங் கூடும்.

வேலி கட்டுவதும் தீர்வாகுமா?

பிறர் தவறாகக் காட்டுகின்றனர் என்பதற்காக, உணவுக்கு வேலி கட்டிக் காவல் இருக்கலாமா? அதற்கும் உதாரணம் உண்டு. இந்தோனேசியாவின் எந்த நகரிலும் பாடாங் உணவுச்சாலைகளைக் காணலாம். பரிமாறுபவர் ஒரு கையிலே பல தட்டுகளை அடுக்கி வந்து மேசை முழுவதும் பரப்புவார். உண்டதற்கு மட்டுமே பணம். 2024 ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாவாவின் சிரெபோன் நகரில், மலிவு விலைக்குச் சோறு விற்ற கடையொன்றின் கண்ணாடியிலிருந்து 'பாடாங் உணவு' என்ற எழுத்துகளைச் சிலர் அகற்றும் காட்சி நாடெங்கும் பரவிற்று. மினாங்கபாவு அல்லாதோர் அப்பெயரைப் பயன்படுத்தலாமா என்ற வாதம் மூண்டது. பாடாங் உணவைச் சமைக்க எவர்க்கும் உரிமையுண்டு என்று பலர் மறுத்துரைத்தனர்.

இவ்விடயத்தில் ஓர் இந்தோனேசியத் திரைப்படம் பத்தாண்டுகளுக்கு முன்பே நல்ல விடை கூறியிருந்தது. 2014 ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தின் பெயர் 'தபுலா ராசா'. காற்பந்து விளையாட்டில் பெயர் பெறும் கனவோடு பப்புவாவிலிருந்து வந்து, கனவு சிதைந்து தெருவில் நிற்கும் இளைஞன் ஒருவனுக்கு, மினாங்கபாவு உணவுக்கடை நடத்தும் முதிய தாய் ஒருத்தி சோறிடுகின்றாள். அவன் அவளிடம் அம்மியும் அகப்பையும் பிடிக்கக் கற்று, அவள் கையின் பாகத்தைப் பெறுகின்றான். இனத்தால் அவன் மினாங்கபாவு அல்லன். ஆயினும் அவன் சமைத்த கறியைப் பொய் என்று எவர் சொல்வார்? அவன் கற்றான், அவள் கற்பித்தாள். உணவின் உண்மை அவ்வாறே ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்கின்றது.

ரெண்டாங்கை உலகறியச் செய்வதற்குப் பெரிதும் உழைத்த வில்லியம் வோங்சோ, கிழக்கு யாவாவின் மாலாங் நகரிற் பிறந்தவர், சீன வழியினர். 2018 ஆம் ஆண்டு, புகழ்பெற்ற பிரித்தானியச் சமையற் கலைஞர் கோர்டன் ராம்சே உலகின் பல பாகங்களுக்குச் சென்று அவ்வவ்வூர்ச் சமையற்காரரோடு போட்டியிடுவார் என்று அறிவிக்கப்பட்டபோது, இது பழைய ஏகாதிபத்தியச் செருக்கு என்று கண்டனம் எழுந்தது. 2020 ஆம் ஆண்டு ஒளிபரப்பான மேற்குச் சுமாத்திராப் பகுதியிலோ, வோங்சோ வழிகாட்ட, அவர் அடுப்படியில் நின்று ரெண்டாங் கற்பதைக் கண்டோம். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவ்வூர்ச் சுவையறிந்தவர் இருந்தார். புகழ்பெற்றவர் மாணாக்கராய் நின்றார். நிகழ்ச்சி முழுவதும் குறையற்றது என்று நாம் கூறவில்லை. எனினும் இருக்கைகள் இடம் மாறியது நல்ல மாற்றமே.

2019 ஆம் ஆண்டின் 'ஸ்ட்ரீட் ஃபூட்' என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடரில் யோக்யகார்த்தா நகரின் மூதாட்டி சதினெம் அவர்களைக் காட்டியிருந்தனர். வாழையிலையிற் சுற்றி அவித்த ஒட்டரிசிப் பலகாரமாகிய 'லூபிஸ்' அவர் விற்பது. அதனை நூலினால் அறுத்து, தேங்காய்த் துருவல் தூவி, கருப்பட்டிப் பாணி ஊற்றித் தருவார். விடியலில் வந்து தெருவோரத்தில் அமர்ந்து, சிறிது நேரத்தில் விற்றுத் தீர்ந்து எழுவார். அத்தொடர் அவருடைய வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்ல வைத்தது. பலகாரத்தைக் கண்ட உலகம் அதனைச் செய்த கையையும் கண்டது.

நம் அடுக்களையிலும் ஒரு பங்கு

இவை யாவும் எங்கோ தொலைவில் நிகழ்பவை என்று எண்ண வேண்டா. ஒல்லாந்தர் காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரராகவும் நாடு கடத்தப்பட்ட பிரபுக்களாகவும் இலங்கைக்கு வந்தோரின் வழியினரே இங்குள்ள மலே மக்களிற் பலர். நாள்தோறும் நாம் இடிக்கும் 'சம்பல்' என்பதன் பெயரும், பண்டிகைக்குக் கிளறும் 'தொதல்' என்பதன் பெயரும் அத்தீவுகளின் மொழியோடு உறவுடையவை. ஆங்கு சம்பல் பெரும்பாலும் மிளகாய் அரைத்த துவையல். இங்கோ தேங்காய்ப்பூவே அதன் உயிர். நம் சம்பல் போலி என்று எவரும் சொல்வதில்லை. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணின் தேங்காயோடும் நம் தாய்மாரின் கையோடும் பழகி அது நம்முடையதாயிற்று.

ரெண்டாங்கின் மிளகாயும் சாத்தேயின் கச்சானும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 16 ஆம் நூற்றாண்டுக்கு முன் ஆசியாவில் இல்லாதவை. ஆகவே மாற்றம் எதுவுமின்றி நிற்பதே மரபு என்று கொள்வது பொருந்தாது. ஓர் உணவை அறிந்து, உண்டு, மாற்றி வளர்ப்பது ஒன்று. அறியாமல் அதன்மேல் தீர்ப்புக் கூறுவது வேறொன்று. முன்னதால் உணவு பெருகும். பின்னதால் ஒரு பெண்மணியின் தாய் கற்பித்த பாகம் பலகோடி கண்கள் முன்னே பிழையெனப்படும்; அந்நாட்டுப் பிள்ளைகள் தம் வீட்டு உணவைக் குறித்து நாணவும் கற்றுக்கொள்வர்.

இன்று 'ரெண்டாங் சுவை' என்ற பெயருடன் நூடில்ஸ் பொதிகளும், அரைத்து அடைத்த கூட்டுப் பொதிகளும் கடைகளில் விற்பனையாகின்றன. வேலைக்குச் சென்று களைத்து வரும் தாய் அப்பொதியை வாங்கினால் அவரை நாம் குறை கூறோம். பல மணித்தியாலம் அடுப்படியில் நிற்க எல்லார்க்கும் இயலுமா? ஆனால் அப்பொதியின் சுவையே ரெண்டாங் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. பெயரில் அடங்கியிருந்த உழைப்பு பெயரை விட்டு நீங்கினால், எஞ்சுவது வெறும் ஒலியே.

எனவே அடுத்த முறை திரையில் ஒரு பிறநாட்டு உணவைக் காணும்போது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதனைச் சமைக்கும் மக்கள் யாவர்? அவர்களில் ஒருவரேனும் இங்கே பேசினாரா? இதற்கு உண்மையில் எவ்வளவு நேரம் செல்லும்? காட்டாமல் விட்டது யாது? மாணவர்கள் நிலப்படத்தை எடுத்து மேற்குச் சுமாத்திராவையும் யோக்யகார்த்தாவையும் தேடிக் காணலாம். அயல்வீட்டில் மலே குடும்பம் ஒன்று இருப்பின், அவர்கள் வீட்டில் எதனை எவ்வாறு சமைப்பர் என்று கேட்டறியலாம். கேட்பதால் எவர் பெருமையும் குறையாது. 2011 ஆம் ஆண்டில் சி.என்.என். செய்தி நிறுவனத்தின் வாசகர் வாக்கெடுப்பில் ரெண்டாங் உலகின் மிகச் சுவையான உணவாக முதலிடம் பெற்றது. அப்புகழை மினாங்கபாவுத் தாய்மார் தேடிச் செல்லவில்லை. ஊரை விட்டுச் செல்லும் மகன் வழியிற் பசித்திருக்கக் கூடாதே என்று எண்ணி, அடி பிடியாமற் கிளறிக்கொண்டிருந்தனர்.